லெப்டொப்பின் சாவி யார் கையில்?

வியாபாரிகளாகிய நமக்குச் சாவியின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக் கதவுக்கு ஒரு சாவி, களஞ்சியத்துக்கு ஒரு சாவி, இரும்புப் பெட்டிக்கு ஒரு சாவி. எது யாரிடம் இருக்க வேண்டும் என்பதிலும் நாம் கவனமாகத்தான் இருக்கிறோம். காலையில் வந்து கடை திறக்கும் பொடியனிடம் கதவுச் சாவியைக் கொடுப்போம். இரும்புப் பெட்டியின் சாவியைக் கொடுக்க மாட்டோம். அவன்மேல் சந்தேகப்பட்டு அப்படிச் செய்வதில்லை. அவனுடைய வேலைக்கு அந்தச் சாவி தேவையில்லை, அவ்வளவுதான்.

அதே கடையில் மேசைமேல் ஒரு லெப்டொப் இருக்கிறது. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை, மீனவருக்குக் கொடுத்த முற்பணம், கருவாடும் நண்டும் கடலட்டையும் ஏற்றி அனுப்பிய கணக்கு, வட் கணக்கு, ஊழியர்களின் அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதி விபரம், வங்கியின் இணையக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. இரும்புப் பெட்டிக்குள் ஒரு நாள் வியாபாரத்தின் காசு இருக்கும். லெப்டொப்புக்குள் பத்து வருட வியாபாரமே இருக்கிறது. அதன் சாவி யாரிடம் என்று கேட்டால் நமது முதலாளிமார் பலருக்குப் பதில் தெரியாது. "அதையெல்லாம் தம்பிதான் பார்க்கிறார்" என்பார்கள்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை லெப்டொப்பில் யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர் முதலாளி. அந்தத் தீர்மானத்தைக் கணனிக்குள் அமைத்துக் கொடுப்பதுதான் கணனி தெரிந்தவரின் வேலை. நாம் இரண்டு வேலையையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

நிர்வாகி என்பவர் யார்?

புது லெப்டொப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக இயக்கும்போது, விண்டோஸ் ஒரு பயனர் கணக்கை உருவாக்கச் சொல்லும். அந்த முதலாவது கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது நிர்வாகி என்ற தகுதியைப் பெறுகிறது. நமது கடைகளில் பெட்டியைப் பிரிப்பவர் யார்? கணனி கொஞ்சம் தெரிந்த பொடியன், அல்லது லெப்டொப்பை விற்ற கடையின் ஊழியர். ஆகவே பெட்டியைப் பிரித்தவர் நிர்வாகியாகிறார். காசு கொடுத்து வாங்கியவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நிர்வாகி புதிய மென்பொருளை ஏற்றலாம், இருப்பதை அழிக்கலாம், மற்றவர்களின் கடவுச்சொல்லை மாற்றலாம், வைரஸ் காவலை நிறுத்தியும் வைக்கலாம். நிர்வாகியின் கணக்கில் இருந்துகொண்டு தெரியாத ஒன்றுக்கு 'சரி' என்று ஒரு தடவை அழுத்திவிட்டால், உள்ளே வந்த வைரசுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும்.

விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட் யூஸர்' என்ற சாதாரணக் கணக்கும் உண்டு. அதில் பில் அடிக்கலாம், கணக்கு எழுதலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், வங்கி வேலை பார்க்கலாம். இயந்திரம் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் செய்யப் போனால் மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல்லை அது கேட்கும். நமது அன்றாட வேலைக்கு இது போதும். சில பழைய கணக்கு மென்பொருள்கள் இதில் ஓட மறுத்து அடம்பிடிக்கும். அவற்றை விற்றவரிடம் சொல்லிச் சரிசெய்து வாங்க வேண்டும்.

பெரிய கம்பனிகள் இந்த அதிகாரப் பங்கீட்டைப் 'பொலிசி' என்கின்றன. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 உடன் 'அக்டிவ் டிரெக்டரி', 'குரூப் பொலிசி' என்ற இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. ஊழியர் யார், அவருக்கு என்ன அனுமதி என்ற பதிவேடு நடுவில் உள்ள ஓர் இயந்திரத்தில் இருக்கும். அங்கே ஒரு விதியை மாற்றினால் கம்பனியின் எல்லாக் கணனிகளுக்கும் அது போய்ச் சேரும். இன்று 'இன்டியூன்' போன்ற சேவைகள் இதையே இணையத்தின் வழியாகச் செய்கின்றன. ஊழியர் லெப்டொப்புடன் தலைமன்னாரில் நின்றாலும், இணையத்தில் தொடுத்தவுடன் விதி வந்து ஏறிவிடும். மூன்று நான்கு லெப்டொப் வைத்திருப்பவருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் விதியை முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகு இயந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஒழுங்கு நமக்கும் பொருந்தும்.

சின்னக் கடைக்கு யார் வரப்போகிறான்?

இதைச் சொன்னால், "நாங்கள் சின்ன வியாபாரி. எங்கள் கணனியைத் தேடி எவன் வரப்போகிறான்?" என்று கேட்பார்கள். இந்தக் காலத்து வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. 2017 மே மாதம் 12 ஆம் திகதி 'வன்னக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் குடிக்காதவர்கள்தான் படுத்தார்கள்.

அடுத்த மாதமே 'நொட்பெட்யா' வந்தது. உக்ரேன் நாட்டு வர்த்தகர்கள் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்போடு ஒட்டிக்கொண்டு அது பரவியது. கொழும்புத் துறைமுகத்திலும் நாம் கொள்கலன்களைப் பார்க்கும் மேர்ஸ்க் கப்பல் கம்பனி அதில் அகப்பட்டது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது என்று அக்கம்பனியின் தலைவர் 2018 இல் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நட்டம் 25 கோடி முதல் 30 கோடி டொலர் வரை என்று கம்பனி கணக்கிட்டது.

அந்தக் கதையில் நமக்கு வேண்டிய இடம் ஒன்று உண்டு. யார் ஊழியர், யாருக்கு என்ன அனுமதி என்ற பதிவேட்டை மேர்ஸ்க் உலகின் பல இடங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தது. ஆனால் பிரதிகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒரேயடியாக அழிந்தன. ஆபிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு பிரதி தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தது! இயந்திரம் இணையத்தில் இருக்கவில்லை. அந்த ஹாட் டிஸ்க்கை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் கம்பனியை எழுப்பினார்கள் என்று 'வயர்ட்' சஞ்சிகை 2018 இல் எழுதியது. மின்வெட்டைத் திட்டித்தீர்க்கும் நமக்கு, மின்வெட்டால் ஒரு கம்பனி தப்பிய கதை வேடிக்கையாக இருக்கும். பாடம் வேடிக்கையானதல்ல. தொடுப்பில் இருக்கும் பிரதியைப் பிரதி என்று நம்ப முடியாது.

நம் நாட்டிலேயே நடந்தது

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாதக் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைப் பணம் பறிக்கும் வைரஸ் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குத் தொடுப்பில் இல்லாத தனிப் பிரதி இருக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருளும் 2013 ஆம் ஆண்டின் பதிப்பு. அதை வெளியிட்ட நிறுவனமே 2023 ஏப்ரலில் அதற்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் இருந்தும் பணமின்மை போன்ற காரணங்களால் தள்ளிப்போனதாக விளக்கம் வந்தது.

"அடுத்த மாதம் பார்ப்போம்" என்று நாம் சொல்வதும் இதே விளக்கம்தான். அரசாங்கம் விழுந்தாலும் மறுநாள் எழுந்து அலுவலகத்தைத் திறக்கும். வரவேண்டிய கடன் யாரிடம் எவ்வளவு என்ற பதிவு அழிந்தால் நமது கடை எழும்புமா?

இவ்வளவும் செய்தால் போதும்

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, லெப்டொப்பில் நிர்வாகிக்கென்று ஒரு தனிக் கணக்கை உருவாக்குங்கள். அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். மற்ற எல்லோருக்கும், முதலாளிக்கும் சேர்த்து, சாதாரணக் கணக்குத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கட்டும். மூன்று பேர் ஒரே பெயரில் நுழைந்தால், எதையும் யார் செய்தார் என்று பிறகு சொல்ல முடியாது.

இரண்டாவது, கடையின் லெப்டொப்பைக் கடையின் மின்னஞ்சல் முகவரியில் பதியுங்கள். இதில் பலர் அறியாத ஒரு ஆபத்து இருக்கிறது. இப்போது வரும் லெப்டொப்புகள் பலவற்றில் ஹாட் டிஸ்க் தானாகவே மறைகுறியீட்டுப் பூட்டுக்குள் போகிறது. களவு போனால் திருடனால் திறக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண், எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் லெப்டொப் பதியப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் போய் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் லெப்டொப் திருத்தத்துக்குப் போய் வந்ததும் அந்த எண்ணைக் கேட்டது. அதைப் பதிந்த பொடியன் கட்டாருக்குப் போயிருந்தான். தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. அவனுடைய உறவினரைத் தேடிப்பிடித்து எண்ணை வாங்க நான்கு நாள் சென்றது. அந்த நான்கு நாளும் ஒரு பில்கூட அடிக்க முடியவில்லை. பொடியனில் ஒரு குற்றமும் இல்லை. நல்லவனாக இருந்தபடியால்தான் நான்கு நாளில் முடிந்தது.

மூன்றாவது, புதுப்பிப்பு. நம் பகுதியில் பலர் டொங்கல் அல்லது கையடக்கத் தொலைபேசி மூலம் இணையம் எடுக்கிறோம். டேட்டா மிச்சம் பிடிப்பதற்காக 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று அமைத்து வைக்கிறோம். அப்படி வைத்தால் விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானாக இறக்காது. மாதக்கணக்கில் ஓட்டை அடைபடாமல் கிடக்கும். வாரத்தில் ஒரு நாளாவது நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கு லெப்டொப்பைக் கொண்டுபோய்ப் புதுப்பிப்பை முடியுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் திருத்தங்கள் கிடைக்கும்.

நான்காவது, பென் டிரைவ். போட்டோ பிரதிக் கடைக்குப் போய் வரும் பென் டிரைவ் பல கணனிகளின் நோயைச் சுமந்து வரும். விண்டோஸ் புரோ பதிப்பில் பென் டிரைவை முற்றாக மறிக்கும் பொலிசி உண்டு. ஹோம் பதிப்பில் அந்தப் பொலிசி எடிட்டர் வராது. ஹோம் வைத்திருப்பவர்கள் கடைக்கென்று ஒரு பென் டிரைவை வைத்து, வெளியாருடையதைச் செருகுவதில்லை என்று கட்டுப்பாடு போடலாம். அடுத்த லெப்டொப் வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, சில நிமிடம் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்ட வேண்டும். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். மாதாமாதம் மாற்றச் சொல்லி ஊழியரை வருத்த வேண்டியதில்லை. காரணமில்லாமல் கால ஒழுங்கில் மாற்ற வற்புறுத்த வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017 இல் ஆலோசனை சொன்னது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதன் அதைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுவான்.

ஆறாவது, பிரதி. இரண்டு வெளி ஹாட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வேறோர் இடத்தில். பிரதி எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் வெள்ளம் நமக்கு என்ன செய்தது என்பதை மறந்திருக்க மாட்டோம். அதற்கும் முன்னால், 1990 ஒக்டோபரில் நம் மக்கள் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, கடன் கொப்பியையும் காணி உறுதியையும் விட்டுவிட்டுத்தான் கற்பிட்டிக்குப் படகேறினார்கள். திரும்பி வந்தபோது, தமது காணி தமது என்று காட்ட ஒரு தாள் இல்லாமல் நின்றவர்கள் நம்மில் உண்டு. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருப்பதன் விலை என்னவென்று மன்னார் வியாபாரிக்கு வேறு ஊர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாவது, விலகிப் போகும் நாள். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது கதவுச் சாவியை வாங்குகிறோம். அன்றைக்கே அவருடைய கணக்கையும் மூடுங்கள். வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் தொடுப்புகளையும் பாருங்கள். கோபத்தோடு போகிறவருக்கும் சந்தோஷமாகப் போகிறவருக்கும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும்.

நம்பிக்கை வேறு, ஒழுங்கு வேறு

இனி நமது பெரிய சங்கடத்துக்கு வருகிறேன். நமது கடைகளில் வேலை செய்பவர் பெரும்பாலும் நானாவின் மகன், தங்கச்சியின் மகன், தெரிந்த வீட்டுப் பிள்ளை. அவரிடம் போய் "இனி நீ நிர்வாகி இல்லை" என்று சொல்ல நாக்கு எழும்புவதில்லை. நான் எனது கடையில் இதைச் செய்தபோது பொடியனின் முகம் வாடியது. "நானா, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான். "நம்பிக்கை இருக்கிறபடியால்தான் தம்பி. நாளைக்கு ஒரு கணக்கு காணாமல் போனால் உன்னுடைய பெயரை எவரும் சொல்லக்கூடாது" என்றேன்.

உண்மையும் அதுதான். எல்லா அதிகாரமும் ஒருவரிடம் இருந்தால், எது கெட்டாலும் முதல் சந்தேகம் அவர்மேல்தான் விழும். குடும்பத்துக்குள் வரும் சந்தேகம் வியாபாரத்தை மட்டும் பிரிப்பதில்லை. அதிகாரத்துக்கு எல்லை போடுவது முதலாளியைவிட ஊழியருக்கே பெரிய பாதுகாப்பு. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமது மார்க்கம் சொல்வதும் ஒருவரையொருவர் கள்வரென்று நினைத்து அல்லவே! நாளைக்குப் பிணக்கு வராமல் இருக்கத்தானே.

இந்த ஒழுங்கு முதலாளியையும் கட்ட வேண்டும். நிர்வாகியின் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக ஊழியரின் சொந்தக் கடிதத்தையும் படத்தையும் கிளறிப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. கடை லெப்டொப்பில் சொந்த விடயம் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம் என்றும் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் பெயர், கடன், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அனுமதியின்றிக் கணனிக்குள் நுழைவதை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் ஒருவர் அனுமதியின்றி நுழைந்தார் என்று முறையிடப் போனால், யாருக்கு எதில் அனுமதி என்று நாம் எங்கே எழுதி வைத்தோம் என்ற கேள்வி முதலில் நம்மை நோக்கித்தான் வரும்.

பூட்டை இறுக்கினால் வேலை நின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. புதிய பிரின்டர் பொருத்த வேண்டும், முதலாளி உம்ராவுக்குப் போயிருக்கிறார் என்றால் என்ன செய்வது? அதற்காகத்தான் உறை. முதலாளி இல்லாத நேரத்தில் உறையைத் திறக்க ஒருவரை நியமித்து, திறந்த திகதியையும் காரணத்தையும் உறைமேல் எழுதச் சொல்லுங்கள். வந்ததும் கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை போடுங்கள். பொடியன் கேட்டதைக் காலதாமதமின்றிச் செய்து கொடுக்காத முதலாளியிடம் எந்த விதியும் நிலைக்காது. அவன் வேறு வழி பார்த்துவிடுவான்.

சகோதரர்களே, இதற்குக் கணனிப் படிப்பு வேண்டாம். நானும் பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன்தான். இந்த வாரம் கடை பூட்டிய பிறகு, வேலை செய்பவர்களையும் பக்கத்தில் இருத்தி, ஒரு தாளை எடுங்கள். கடையில் எத்தனை லெப்டொப், ஒவ்வொன்றுக்கும் நிர்வாகி யார், எந்த மின்னஞ்சலில் பதிந்தது, கடைசியாகப் பிரதி எடுத்த திகதி எது என்று நான்கு வரி எழுதுங்கள். எந்த வரிக்குப் பதில் வரவில்லையோ அந்த வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.